ஸ்டொப் கேபிளை இழுத்தும் நிற்காத டீசல் எஞ்சின்: ஊர்காவற்றுறையில் மூன்று நாள் வேலை

பங்குனி மாதத்தில் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், சோளகக்காற்று இன்னும் பிறந்திருக்காது. பாய்ப்படகு வைத்திருப்பவனுக்கு அந்த நாட்களில் எஞ்சின்தான் துணை. அன்றும் எழுவைதீவுப் பக்கம் போய்விட்டு, பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு எஞ்சினில்தான் திரும்பினோம். கடற்கோட்டையைத் தாண்டி, காரைநகரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த பாதைக்கு (மிதவைப் படகுக்கு) வழிவிட்டு, மாலை 5.30 மணிபோல ஊர்காவற்றுறையில் படகைக் கட்டினோம்.

மனைவியின் தம்பி கயிற்றை இறுக்கிவிட்டுக் கை காட்டினான். நான் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்து, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, டீசலை வெட்டி எஞ்சினை நிறுத்தும் ஸ்டொப் கேபிளின் பிடியை இழுத்தேன். பிடி வழக்கத்தைவிட இலகுவாக வந்தது. எஞ்சின் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளி மறுபடி இழுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

"அத்தான், திறப்பைத் திருப்பினா நிக்கும்தானே?" என்று கேட்டுக்கொண்டே அவன் திறப்பை அணைத்துவிட்டான். பலகையில் எரிந்த சிறு விளக்கு மட்டும் அணைந்தது. அடுத்து அவன் கை பற்றரியின் பெரிய சுவிச்சுக்குப் போனது. அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியைத் துண்டித்தால் ஒல்ரர்நேற்றர் உண்டாக்கும் மின்சாரத்துக்குப் போக இடம் இருக்காது. ஒரு நொடியில் அதன் டயோட்டுகள் எரிந்துவிடும். எஞ்சினோ அப்போதும் நிற்காது. எங்களுடையது போன்ற பழைய டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கு மின்சாரம் தேவையே இல்லை. காற்றை அழுத்திச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சுகிறது, அது தானாகப் பற்றிக்கொள்கிறது. பெற்றோல் எஞ்சினில் பொறியை நிறுத்தினால் ஓட்டம் நிற்கும். டீசலில் நிறுத்துவதற்குப் பொறி என்று ஒன்றே கிடையாது. ஒன்றில் டீசல் போகாமல் வெட்ட வேண்டும், இல்லையென்றால் காற்றை அடைக்க வேண்டும். வேறு வழி இல்லை.

படகைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 27 அடி நீளம், ஃபைபர் உடம்பு. அடியில் ஒரு நீளக் கட்டைக்குப் பதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள். நம் ஆழமில்லாத களப்புக் கடலுக்கு அது பெரிய வசதி, சேற்றில் தட்டினாலும் சாயாமல் இருக்கும். திருகோணமலையில் ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போய், இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கரையோரத்தில் இன்று பாய் கட்டிய படகைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஏக்கத்தில் வாங்கிய படகு இது. எஞ்சின் யன்மார் 2ஜீஎம்20. இரண்டு சிலிண்டர், 18 குதிரைவலு. நல்ல எஞ்சின். இந்தப் பழுதில் அதன் குற்றம் ஒன்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

சரி, அன்று மாலைக்கு வருவோம். எஞ்சின் பெட்டியைத் திறந்தால் முன்னால் பெல்ட் சுழல்கிறது. அந்தக் கேபிள் இழுக்கும் ஸ்டொப் லீவரும் அந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறது என்று தெரியும், கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுகளுக்கு முப்பது வருடத்துக்கு மேல் எஞ்சின் பார்த்த ஒரு ஐயா எனக்குப் பழக்கம். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "தம்பி, போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடியும்" என்றார். பிடித்தேன். பிறகு, "இப்ப வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். சரி, இனிக் குறையும். குறைக்கக் குறையுதோ?"

"ஓம் ஐயா, குறையுது."

"அப்ப பயப்பிடாதையும். அது உம்மட சொல்லுக் கேக்குது. டீசலை வெட்டினாக் காணும். ராங்கியில இருந்து வாற குழாயைப் பூட்டிப்போட்டு இரும். பெல்ட் ஓடுற பக்கம் கையைக் கொண்டுபோகாதையும்."

நிற்காத எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது அவர் கேட்ட அந்தக் கேள்விதான். வேகக் கைபிடிக்கு எஞ்சின் அடங்கினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் வேலை செய்கிறது, வழக்கமான வழியால் வழக்கமான அளவில் டீசல் போகிறது, அதை வெட்டும் கை மட்டும் எட்டவில்லை என்று பொருள். அவசரமே இல்லை. கைபிடிக்கு அடங்காமல் எஞ்சின் தானாக வேகம் ஏற்றிக்கொண்டு போனால் அது வேறு வியாதி, அங்கே நொடிக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் "எஞ்சின் நிக்குதில்லை" என்ற ஒரே பேச்சுத்தான்.

டீசல் குழாயைப் பூட்டினோம். பில்டர்களிலும் குழாய்களிலும் இருக்கும் டீசல் தீரும்வரை எஞ்சின் ஓடும். பூட்டியதிலிருந்து எங்களுக்கு 11 நிமிடம் எடுத்தது. அதுவரை புகைக்குழாயால் கடல்நீர் ஒழுங்காக வெளியே கொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன், அங்கே சாதாளைக் கடற்பூண்டு அதிகம், நீர் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். பிறகு சத்தம் மாறியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. கரையில் வலையைத் தெரிந்து சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களின் பேச்சு அப்போதுதான் காதில் விழுந்தது.

இரண்டாம் நாள் காலை ஐயா பேருந்தில் வந்து இறங்கினார். தோளில் ஒரு சீலைப் பை, அதற்குள் ஸ்பனர்கள். வந்தவர் கேபிளைத் தொடவில்லை. முதலில் எஞ்சின் ஒயில் கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. விரலில் தேய்த்து மணந்தார். "டீசல் மணமில்லை. நல்லது." டீசலை ராங்கியிலிருந்து இழுக்கும் சின்னப் பம்பின் உள்தோல் கிழிந்தால் டீசல் மெல்ல மெல்ல எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் மட்டம் ஏறும், தண்ணீர்ப் பதமாகும். அப்படி ஏறிய ஒயில்தான் அந்த இரண்டாவது வியாதிக்கு ஒரு காரணம். சிலிண்டருக்குள் அது புகுந்துவிட்டால் எஞ்சின் அதையே எரித்து ஓடும். ஒயிலைக் கூடுதலாக ஊற்றினாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்து போனாலும் இதே கதி. டீசல் குழாயை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் பயன் இல்லை, ஏனென்றால் அது குடிப்பது டீசலை அல்ல.

இதைச் சொல்லும்போது அவர் பழைய காலத்துக்குப் போய்விட்டார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் துளிக்கணக்கில்தான். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எந்த எஞ்சின் எதைக் குடித்தால் எப்படிச் சத்தம் போடும் என்பதை அவர் கற்றது அந்த வருடங்களில்தான். தோட்டத்து நீரிறைக்கும் டீசல் மெஷின் ஒன்றுக்கு யாரோ ஒயிலை வாய்வரை நிரப்பிவிட, அது வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வேகம் ஏற்றியதைச் சொன்னார். ஒரு பலகைத் துண்டைக் காற்று வாயில் அப்பிப் பிடித்து நிறுத்தினாராம். "கையால மட்டும் பொத்தக்கூடாது. சீலையாலயும் கூடாது, உள்ளுக்கு இழுத்துப்போடும்." படகில் கார்பன் டைஒக்சைட் தீயணைப்பான் இருந்தால் அதைக் காற்று வாய்க்குள் அடிக்கலாம். தூள் தீயணைப்பான் எஞ்சினின் உள்ளுடம்பைக் கெடுத்துவிடும் என்றார்.

நல்லவேளை, எங்கள் கதை அது இல்லை. எஞ்சினின் முன்பக்கம் படுத்து டோர்ச் அடித்தபோது லீவர் தெரிந்தது. சின்ன விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் தகடு, நுனியில் துளை, அதில் கேபிளின் உள்கம்பி. கம்பியைக் கழற்றிவிட்டு லீவரை விரலால் தள்ளிப் பார்த்தேன். முழுவதும் போனது. விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை 'டக்' என்று திரும்ப இழுத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஐயா தலையை ஆட்டினார். பம்பும் கவர்னரும் குற்றவாளி இல்லை, பிழை லீவருக்கு இந்தப் பக்கம். கேபிளை எஞ்சினிலிருந்து பிரித்து, இரண்டையும் தனித்தனியே ஆட்டிப் பார்க்கும் இந்த ஒரு வேலை பாதி நாளை மிச்சப்படுத்தும்.

பிறகு பிடியை இழுக்கச் சொல்லிக் கேபிளைப் பார்த்தேன். உள்கம்பி மட்டும் நகர வேண்டிய இடத்தில் கறுப்பு வெளியுறையும் சேர்ந்து நகர்ந்தது. உறையைத் தாங்கியோடு பிடித்து வைக்கும் சின்னக் கவ்வியின் ஒரு திருகாணி உப்பில் அரித்துத் தலையே இல்லாமல் போயிருந்தது. உறை அசையாமல் இருந்தால்தான் உள்ளே கம்பி ஓடும். உறைக்குப் பிடி இல்லாவிட்டால் நாங்கள் இழுத்ததெல்லாம் உறையை நெளித்ததுதான். துருப்பிடிக்காத திருகாணி இரண்டு, கவ்விக்கு அடியில் ஒரு துண்டு சைக்கிள் ரியூப் வைத்து இறுக்கினோம். அரை மணி நேர வேலை.

அதைவிட, முதல்நாள் டீசலை வறள விட்டதால் குழாய்களுக்குள் ஏறிய காற்றை எடுக்கத்தான் நேரம் போனது. பில்டரின் தலையில் உள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தி, டீசல் பம்பின் கை லீவரை ஆட்ட வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்து, பிறகு சுத்தமான டீசலாக வரும்போது பூட்ட வேண்டும். எங்களுக்கு அந்தக் கை லீவர் முதலில் வெறுமையாக ஆடியது, அழுத்தமே இல்லை. பம்பைத் தள்ளும் மேடு உச்சியில் நின்றால் அப்படித்தான். எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டதும் பிடித்தது. பிறகு 17 ஸ்பனரால், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்ராட்டரை அடித்து, டீசல் துளி தெறித்ததும் இறுக்கினோம்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் எஞ்சினையே இழக்கலாம். எஞ்சின் பிடிக்காமல் ஸ்ராட்டரை மட்டும் நெடுநேரம் அடித்தால், நீர்ப் பம்ப் கடல்நீரைப் புகைக்குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதிவிடப் புகை இருக்காது. நீர் நிறைந்து பின்னால் ஏறிச் சிலிண்டருக்குள் போய்விடும். ஆகவே காற்று எடுக்கும்போது கடல்நீர் வால்வைப் பூட்டி வைத்து, எஞ்சின் பிடித்த அந்த நொடியே திறக்க வேண்டும். நான் மச்சானை வால்வுக்குப் பக்கத்திலேயே இருத்தி வைத்தேன், வேறு ஒரு வேலையும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

எஞ்சின் பிடித்தது. பிடியை இழுத்தேன், நின்றது. மூன்று தரம் கிளப்பி, மூன்று தரம் நிறுத்திப் பார்த்தோம். ஐயா கடைசிப் பேருந்துக்குப் போய்விட்டார்.

வேலை அதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் விடிய, காரைநகர்ப் பக்கமாக ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து பிடியை இழுத்தால் எஞ்சின் திணறியது, வேகம் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. இம்முறை குழாயைப் பூட்டவில்லை, காற்று எடுக்கும் வேலை இரண்டாம் தரம் வேண்டாம். வேலியில் முறித்த ஒரு முழப் பூவரசங் கம்பின் நுனியில் கவடு வெட்டி முதல்நாளே வைத்திருந்தேன். பெல்ட்டுக்கு எட்டத்தில் நின்று அதால் லீவரைத் தள்ளினேன். உடனே நின்றது.

சிலிண்டர் தலையின் மேல் இரண்டு சின்ன அமுக்கம் நீக்கும் லீவர்கள் இருக்கின்றன, அவற்றைத் தூக்கினாலும் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். கையால் சுற்றிக் கிளப்புவதற்கு வைத்தவை அவை. ஓடும் எஞ்சினில் தூக்கினால் வால்வுகளுக்குக் கேடு, எரியாத டீசலும் உள்ளே தேங்கும். நான் அதைத் தொடுவதில்லை.

சூடு ஆற விட்டு இழுத்துப் பார்த்தேன். இப்போது முழுவதும் போனது! குளிரில் ஓடுகிறது, சூட்டில் இறுகுகிறது. லீவரின் நுனி முழுவதும் போனால் 28 மில்லிமீற்றர் நகர வேண்டும், அளந்து வைத்திருந்தேன். ஓட்டி வந்த சூட்டில் 19தான் நகர்ந்திருந்தது. ஐயாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கேபிள் எந்த வழியால வருது?"

பிடியிலிருந்து தொடங்கி, விரலை உறைமேல் வைத்துத் தடவிக்கொண்டே போனேன். பின்பக்கப் பெட்டிக்குள்ளால் இறங்கி, எஞ்சினின் பக்கமாகத் திரும்பும் இடத்தில் விரலுக்கு வித்தியாசம் தெரிந்தது. டோர்ச் அடித்தேன். புகைக்குழாயின் முழங்கையில், கடல்நீர் கலப்பதற்கு முன்னால் உள்ள காய்ந்த பகுதியோடு கேபிள் ஒட்டிக் கிடந்தது. அந்த இடத்தில் உறை உருண்டையாக இல்லை. இஸ்திரிப்பெட்டி வைத்த மாதிரித் தட்டையாகி, கண்ணாடி போல மினுங்கியது, இரண்டு விரல் அகலத்துக்கு. கத்தியால் நீளவாக்கில் கீறித் திறந்தேன். உள்ளே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழல் உருகிக் கம்பியைக் கவ்வியிருந்தது. கம்பி துருவேறிப் பருத்திருந்தது, விரலில் செம்மண் போல ஒட்டியது. ஆறியிருக்கும்போது கம்பி எப்படியோ வழுக்கிக்கொண்டு போகிறது, சூட்டில் பிளாஸ்ரிக் இளகி அதைப் பிடித்துக்கொள்கிறது. யோசித்தால், அந்த இறுக்கத்தோடு மாதக்கணக்கில் பலமாக இழுத்து இழுத்துத்தான் அரித்த கவ்வி கடைசியில் விட்டுக்கொடுத்திருக்கிறது. முதலில் கண்ட பிழை இந்தப் பிழையின் பிள்ளை.

புதிய கேபிளுக்கு யாழ்ப்பாணம் போனேன். ஸ்ரான்லி வீதியில் ஒரு உதிரிப்பாகக் கடையில் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் போடும் ஸ்டொப் கேபிள்கள் கிடந்தன. 3 மீற்றர் நீளமானது ஒன்று பொருந்தியது. ஆனால் அது வெறும் இரும்புக் கம்பி, சுருள் உறை. கடற்காற்றுக்கு நெடுநாள் தாங்காது. படகுகளுக்கென்று வரும், துருப்பிடிக்காத உள்கம்பி கொண்ட கேபிளுக்குக் கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் இது. மாட்டுவதற்கு முன் ஒரு இரவு முழுவதும் கேபிளை மாமரத்துக் கிளையில் தொங்கவிட்டேன். மேல் நுனியில் பொலித்தீனைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, அதற்குள் எஞ்சின் ஒயில் விட்டேன். விடிய கீழ் நுனியால் துளி சொட்டிக்கொண்டிருந்தது. அப்படிச் சொட்டினால்தான் உள்ளே முழுக்க நனைந்திருக்கிறது.

பழைய வழியால் கொண்டுபோகவில்லை. எஞ்சினின் மற்றப் பக்கத்தால், புகைக்குழாயிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலக்கி, வளைவு எங்கும் பெரிதாக இருக்கும்படி கட்டினேன். கேபிள் சுளுக்கென்று மடங்கினால் புதிதாக இருந்தாலும் இறுகும். பிடி முழுக்க உள்ளே இருக்கும்போது லீவரில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். தொய்வில்லாமல் கட்டினால் லீவர் அரைகுறையாக இழுபட்டே நிற்கும், எஞ்சின் கிளம்பாது அல்லது வலு குறையும். அளந்து பார்த்தேன்: 28 மில்லிமீற்றர், சூட்டிலும் குளிரிலும்.

மின்சாரத்தால் நிற்கும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் கேபிளுக்குப் பதில், மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சொலனொய்ட்டைத் தேட வேண்டும். அதில் இரண்டு சாதி. ஒன்று மின்சாரம் கொடுத்தால் நிறுத்தும், மற்றது மின்சாரம் எடுத்தால் நிறுத்தும். முதல் சாதியில் பியூஸ் போனாலோ எர்த் வயரின் முனை பச்சை பூத்தாலோ எஞ்சின் நிற்காது. பற்றரியிலிருந்து ஒரு வயரை நேரே கொடுத்துப் பார்த்தால் பிழை சொலனொய்ட்டிலா வயரிலா என்று தெரிந்துவிடும். அங்கேயும் கையால் தள்ளும் லீவர் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று எஞ்சின் ஓடாத நேரத்தில், பகல் வெளிச்சத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் லீவருக்குச் சிவப்புப் பூச்சு அடித்துவிட்டோம். பூவரசங் கம்பு எஞ்சின் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் கொளுவியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் காற்று வாயின் அளவுக்கு வெட்டி, ஒரு முகத்தில் லொறி ரியூப் ஒட்டிய ஒட்டுப்பலகைத் துண்டு. அது ஐயாவின் கட்டளை. ஒயில் மட்டம் இப்போது ஒவ்வொரு முறையும் கிளப்புவதற்கு முன் பார்க்கிறோம், பார்த்து மணந்தும் விடுகிறோம்.

வேலை முடிந்த பிறகு ஐயாவையும் ஏற்றிக்கொண்டு எழுவைதீவுப் பக்கம் போனோம். ஒன்றரை மணி நேரம் எஞ்சின் ஓடியது. திரும்பி வந்து கட்டியதும் அவரையே பிடியை இழுக்கச் சொன்னேன். இரண்டு விரலால் இழுத்தார். எஞ்சின் ஒரே மூச்சில் நின்றது, ஒயில் அழுத்தம் விழுந்ததற்கான மணி கத்தியது, மச்சான் திறப்பை அணைத்தான். பிடியை உள்ளே தள்ளிவிட்டு ஐயா தன் சீலைப் பையைத் தேடினார்.